லேப்டாப் வைஃபை இழுக்குதா, கட்டாகுதா? அறிகுறியைப் பாத்து சரி பண்ற வழி

எந்த வீட்டுக்குப் போனாலும் காப்பி வர்றதுக்கு முன்னாடி லேப்டாப் வந்துடுது, "தம்பி, இந்த வைஃபை ரொம்ப இழுக்குது, கொஞ்சம் என்னன்னு பாரு"ன்னு. சிங்கப்பூர்ல நான் பாக்குற வரைக்கும், பொங்கோல்ல புது பிடிஓ (அரசாங்கம் கட்டி விக்கிற அடுக்குமாடி) வீடா இருந்தாலும் சரி, ஈசூன்ல பழைய நாலறை வீடா இருந்தாலும் சரி, வர்ற கோளாறு என்னவோ அதே கோளாறுங்கதான். ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸாப்ல தனித்தனியா டைப் பண்றதுக்கு இங்க மொத்தமா எழுதி வச்சிடுறேன். முழுசா படிக்கணும்னு இல்ல, உங்க அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க. எல்லாத்துலயும் காசில்லாத வேலை மொதல்ல, காசு பிடுங்குற வேலை கடைசில.

ஒரு விஷயம் மட்டும் எல்லாருக்கும் பொது. மால்ல ரோட்ஷோ போட்டு நிக்கிறவங்க "வைஃபை ஸ்லோவா, 10 ஜிபிபிஎஸ்க்கு மாத்திடுங்க"ன்னு சொல்வாங்க. மெயின் பைப்பை பெருசாக்கினா சமையல்கட்டு குழாய்ல இருக்கற அடைப்பு போயிடுமா? லைன் வீட்டு வாசல் வரைக்கும் நல்லாத்தான் வருது, ரூட்டர்லேர்ந்து உங்க மடி வரைக்கும் இருக்கற அந்த கொஞ்ச தூரத்துலதான் எல்லா கூத்தும் நடக்குது. அதனால கீழ எங்கயுமே ப்ளானை ஏத்துங்கன்னு நான் சொல்லப்போறதில்ல.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட்

ஸ்பீட் டெஸ்ட் ஆப் ஏதாச்சும் ஒண்ணு எடுத்துக்கோங்க, சர்வர் சிங்கப்பூர்லயே இருக்கறதா பாத்து செலக்ட் பண்ணுங்க, சென்னை சர்வர்ல டெஸ்ட் பண்ணிட்டு ஸ்லோன்னு புலம்பக்கூடாது. அப்புறம் மூணு தடவை ஓட்டுங்க:

1. ரூட்டர்லேர்ந்து ரெண்டு மீட்டருக்குள்ள நின்னு ஃபோன்ல.
2. அதே இடத்துல லேப்டாப்ல.
3. நீங்க வழக்கமா உக்காந்து வேலை பாக்குற இடத்துல லேப்டாப்ல.

மூணுமே மோசம்னா கோளாறு லைன்லயோ ரூட்டர்லயோ இருக்கு. ஃபோன் நல்லா ஓடுது லேப்டாப் மட்டும் மோசம்னா கோளாறு லேப்டாப்ல. முதல் ரெண்டும் நல்லா வந்து மூணாவது படுத்துடுச்சுன்னா அது தூரம், சுவர், ரூட்டர் வச்ச இடம் இதுல ஒண்ணு. இந்தப் பிரிப்பு தெரியாம ரூட்டரை மாத்துறது, லேப்டாப்பை ஃபார்மட் பண்றதுன்னு ஆரம்பிச்சா பாதி நாள் போயிடும்.

இன்னொரு நம்பரும் பாத்து வச்சுக்கோங்க, லிங்க் ஸ்பீட், அதாவது லேப்டாப்பும் ரூட்டரும் தங்களுக்குள்ள பேசிக்கிற வேகம். விண்டோஸ் 11ல செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, அதுல உங்க நெட்வொர்க்கோட ப்ராப்பர்ட்டீஸ்னு போனா கீழ பேண்ட், சேனல், லிங்க் ஸ்பீட் எல்லாம் வரும். மேக்ல ஆப்ஷன் கீயை அழுத்திட்டு மேல இருக்கற வைஃபை ஐகானை க்ளிக் பண்ணுங்க. அங்க வர்ற நம்பர்ல பாதி, இல்ல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் நெஜ ஸ்பீடா கிடைக்கும். 866 எம்பிபிஎஸ்னு இருந்தா 500 சொச்சம் வந்தாலே அது நல்ல வைஃபை. "1 ஜிபி ப்ளான் போட்டிருக்கேன் 550தான் வருது, ஏமாத்துறான்"னு கோபப்படுறவங்க நெறைய, யாரும் ஏமாத்தல, பழைய லேப்டாப்போட வைஃபை கார்டு அவ்வளவுதான் தாங்கும்.

அறிகுறி: வீட்ல எந்தச் சாதனத்துலயும் நெட் இல்ல

இது லேப்டாப் பிரச்சினையே இல்ல, ஆனாலும் எல்லாரும் மொதல்ல லேப்டாப்பைத்தான் ரீஸ்டார்ட் பண்றாங்க.

சுவர்ல ஃபைபர் வந்து முடியுற சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கும், அதுலேர்ந்து மெல்லிசா ஒரு ஒயர் ஓஎன்டி (ONT, ஃபைபர்ல வர்ற வெளிச்சத்தை ரூட்டருக்குப் புரியற மாதிரி மாத்துற) பெட்டிக்குப் போகும். சில வீட்ல ஓஎன்டியும் ரூட்டரும் ஒரே பெட்டியா இருக்கும். அந்த ஓஎன்டில லைட்டைப் பாருங்க.

எல்ஓஎஸ் (LOS)னு போட்ட லைட் சிவப்பா எரிஞ்சாலோ மின்னினாலோ வெளிச்சம் வந்து சேரலன்னு அர்த்தம், ஃபைபர்ல கோளாறு. சோஃபாவை நகர்த்தினப்ப ஒயர் மடங்கிடுச்சா, வேக்யூம் க்ளீனர் இழுத்துடுச்சா, பூனை கடிச்சுதான்னு ஒரு தடவை பாருங்க. லேசா வளைஞ்சிருந்தா நேராக்கி விடுங்க, அதோட நிறுத்திக்கோங்க. கழட்டித் துடைக்கிறது, முனையை கண்ணுகிட்ட வச்சு வெளிச்சம் வருதான்னு பாக்கிறது எல்லாம் வேணாம், அது கண்ணுக்குத் தெரியாத லேசர். அப்படியும் சிவப்பு போகலன்னா உடனே நெட் கம்பெனிக்கு ஃபோன் பண்ணிடுங்க, இதுல வீட்ல செய்யக்கூடியது வேற ஒண்ணும் இல்ல.

பிஓஎன் (PON)னு போட்ட லைட் பச்சையா நிலையா இருந்து நெட் மட்டும் இல்லன்னா ஓஎன்டி, ரூட்டர் ரெண்டையும் ப்ளக்லேர்ந்து எடுத்துடுங்க. ஒரு நிமிஷம் விட்டுட்டு ஓஎன்டியை மட்டும் போடுங்க, அது லைட் எல்லாம் வந்து அடங்கினதும் ரூட்டரைப் போடுங்க. இந்த வரிசை முக்கியம், ரெண்டையும் ஒண்ணா போட்டா சில ரூட்டர் அட்ரஸ் கிடைக்காம முழிச்சுட்டு நிக்கும்.

லைட்டே எரியலன்னா அடாப்டர் போயிருக்கலாம். நம்ம ஊர் இடிமழை தெரிஞ்சதுதானே, மின்னல்ல அடாப்டர் அடி வாங்குறது உண்டு. ரூட்டர் அடியில எத்தனை வோல்ட் எத்தனை ஆம்ப்ஸ்னு போட்டிருக்கும், வோல்ட் அதே இருக்கணும், ஆம்ப்ஸ் அதே இல்ல அதுக்கு மேல இருக்கணும், முனையும் அதே மாதிரி இருக்கணும், அப்படிப் பாத்து வாங்கினா போதும், புது ரூட்டர் தேவையில்ல.

அறிகுறி: ஸ்பீட் 90லேர்ந்து 95க்குள்ள முட்டிட்டு நிக்குது, ஒரு பொட்டு மேல ஏறல

எனக்குப் பிடிச்ச அறிகுறி இது, ஏன்னா இதுக்கு ஏறக்குறைய ஒரே காரணம்தான். எங்கயோ ஒரு லேன் கேபிள் 100 எம்பிபிஎஸ்ல மாட்டிக்கிச்சு. லேன் கேபிளுக்குள்ள நாலு ஜோடி கம்பி இருக்கு, 1 ஜிபிபிஎஸ் ஓடணும்னா நாலும் நல்லா இருக்கணும், 100க்கு ரெண்டு ஜோடி போதும். மிச்ச ரெண்டு ஜோடில ஒரு கம்பி உள்ளுக்குள்ள உடைஞ்சா கனெக்ஷன் போகாது, சத்தமில்லாம 100க்கு இறங்கிடும், அதுல நெஜமா கிடைக்கிறது 94 சொச்சம். வைஃபைல பாத்தாலும் அதே நம்பர்தான் வரும், ஏன்னா ரூட்டருக்கு உள்ள வர்றதே அவ்வளவுதான்.

மொதல்ல ஓஎன்டிக்கும் ரூட்டருக்கும் நடுவுல இருக்கற கேபிளை ரெண்டு பக்கமும் கழட்டி "டிக்"னு சத்தம் கேக்கற வரைக்கும் திரும்ப மாட்டுங்க. மாறலன்னா கேபிளையே மாத்துங்க, கேட் 5இ (Cat 5e)ன்னு எழுதியிருந்தாலே 1 ஜிபிபிஎஸ்க்கு போதும், கேட் 6 கிடைச்சா வாங்கிக்கோங்க, கேட் 8னு தங்க முலாம் போட்டு விக்கிறதெல்லாம் வீட்டுக்குத் தேவையில்ல. ரொம்பப் பழைய ரூட்டர்னா அதோட போர்ட்டே 100தான் இருக்கும், அப்ப ரூட்டரை மாத்துறதத் தவிர வழி இல்ல.

புது பிடிஓ வீடுகள்ல ரூமுக்கு ரூம் சுவர்ல லேன் பாயின்ட் கொடுத்திருக்காங்க. அந்த வழியா வர்றப்ப மட்டும் 94ன்னா சுவர் பாயின்ட்ல முனை சரியா அடிக்கல. அதுக்கு டேட்டா கேபிள் வேலை தெரிஞ்ச எலக்ட்ரிஷியனைக் கூப்பிடுங்க, டெஸ்டர் வச்சிருக்கீங்களான்னு ஃபோன்லயே கேட்டுடுங்க, இல்லன்னு சொன்னா வேற ஆளைப் பாருங்க.

அறிகுறி: ஹால்ல பறக்குது, பெட்ரூம்ல படுத்துடுது

சிங்கப்பூர்ல நான் பாக்குற கோளாறுல பாதிக்கு மேல இதுதான், அதனால இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

*ரூட்டர் எங்க ஒளிஞ்சிருக்குன்னு பாருங்க.* 1990களோட கடைசிலேர்ந்து கட்டின வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள்ல பாம் ஷெல்டர் இருக்கு. கம்பி போட்ட தடி கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. நம்ம ஆளுங்க அதை ஸ்டோர்ரூமாக்கி அரிசி மூட்டை, தீபாவளி பலகாரத் தட்டு, சூட்கேஸோட ரூட்டரையும் உள்ள வச்சுக் கதவைச் சாத்திடுறாங்க, ஹால் பாக்க அழகா இருக்கணுமாம். குண்டு விழுந்தா தாங்கணும்னு கட்டின சுவர் வைஃபையை மட்டும் விட்டுடுமா என்ன? ஃபைபர் பாயின்ட் அதுக்குள்ளயோ பக்கத்துலயோ இருந்தா ஓஎன்டியை அங்கயே விட்டுட்டு ரூட்டரை மட்டும் நீளமான லேன் கேபிள் போட்டு வெளிய கொண்டு வாங்க. கேபிளுக்காக ஷெல்டர் சுவர்ல நீங்களா ஓட்டை போடாதீங்க, அந்தச் சுவர்ல என்ன செய்யலாம் செய்யக்கூடாதுன்னு குடிமைத் தற்காப்புப் படை விதி வச்சிருக்கு.

ரூட்டர் வெளியதான் இருக்கா? அப்ப டிவி கேபினெட்டுக்குள்ள மூடி வச்சிருக்கா, டிவிக்குப் பின்னாடி இருக்கா, மீன்தொட்டி பக்கத்துல இருக்கா, ஷூ ராக்குல இருக்கா, கண்ணாடி அலமாரி குறுக்க நிக்குதான்னு பாருங்க. தண்ணி, இரும்பு, பாதரசம் பூசின மாதிரி இருக்கற நிலைக்கண்ணாடி மூணுமே சிக்னலைத் தின்னுடும். சாமி மாடத்துக்கு மேல வச்ச வீடும் பாத்திருக்கேன், உயரம் நல்ல உயரம்தான், ஆனா விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ரூட்டர் ஓட்டையெல்லாம் அடைச்சு சூடு ஏறி அது வேற பிரச்சினையாச்சு. நெஞ்சு உயரத்துக்கு மேல, திறந்த இடத்துல, வீட்டு நடுவுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட வைங்க. இதுக்கு ஒரு காசும் ஆகாது, இதுல கிடைக்கிற முன்னேற்றம் புது ரூட்டர்ல கூட சில சமயம் கிடைக்கிறதில்ல.

*எந்தப் பேண்ட்ல ஒட்டியிருக்கு?* மேல சொன்ன ப்ராப்பர்ட்டீஸ்ல பாருங்க. 2.4 ஜிகாஹெர்ட்ஸ்னு இருந்து லிங்க் ஸ்பீட் 72 இல்ல 144ன்னு இருந்தா ஸ்லோவுக்கு அதுவே காரணம். 2.4 சுவரைத் தாண்டி தூரம் போகும், ஆனா வேகம் இல்ல, அதுவும் ப்ளாக்ல மேல கீழ இடது வலதுன்னு எல்லா வீட்டு ரூட்டரும் அதே இடத்துல சண்டை போடும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனா ரெண்டு சுவருக்கே சோர்ந்துடும். ரெண்டு பேண்டுக்கும் ஒரே பேர் வச்சிருந்தா லேப்டாப் சில சமயம் 2.4லயே பிடிச்சு உக்காந்துக்கும். ரூட்டர் ஆப்ல போயி ரெண்டுக்கும் தனிப்பேர் வச்சு லேப்டாப்பை 5ல மட்டும் சேருங்க, 2.4 பேரை லேப்டாப்ல "ஃபர்கெட்" பண்ணிடுங்க. 2.4யே வேணாம்னு அணைச்சுடாதீங்க, ஸ்மார்ட் ப்ளக், சிசிடிவி, ரோபோ வேக்யூம் நெறைய அதை நம்பித்தான் இருக்கு.

*சிக்னல் அளவு.* மேக்ல ஆர்எஸ்எஸ்ஐன்னு மைனஸ் நம்பர் காட்டும். மைனஸ் 50 பக்கம்னா பிரமாதம், மைனஸ் 67 வரைக்கும் வீடியோ கால் தாங்கும், மைனஸ் 75க்குக் கீழ போச்சுன்னா அந்த இடத்துல உக்காந்து எந்த செட்டிங்கை மாத்தியும் பிரயோஜனம் இல்ல, ரூட்டர் கிட்ட வரணும் இல்ல நீங்க கிட்ட போகணும்.

*காசு செலவு பண்ணித்தான் ஆகணும்னா* மெஷ் (ரெண்டு மூணு வைஃபை பெட்டி சேந்து ஒரே நெட்வொர்க்கா ஓடுறது) வாங்குங்க, ப்ளக்ல குத்துற மலிவு எக்ஸ்டெண்டர் வேணாம். அதுல பலது ஒரே அலைவரிசையில வாங்கி அதுலயே திருப்பி அனுப்பும், அதுல பாதி வேகம் போயிடும், அப்புறம் லேப்டாப் எதுல ஒட்டுறதுன்னு தெரியாம தவிக்கும். மெஷ்லயும் ரெண்டாவது பெட்டியை சிக்னல் செத்த ரூம்ல வைக்காதீங்க, செத்த இடத்துல வச்சா அது எதை வாங்கி அனுப்பும், பாதி வழியில வைக்கணும். சுவர்ல லேன் பாயின்ட் இருக்கற வீடுன்னா ரெண்டு மெஷ் பெட்டியையும் கேபிள்லயே இணைச்சுடுங்க, அதுக்கு ஈடு எதுவும் இல்ல. ரொம்ப நேரம் ஒரே மேசைல வேலைன்னா லேப்டாப்லயே லேன் கேபிள் குத்திட்டுப் போங்களேன், யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல.

அறிகுறி: ஃபோன் பறக்குது, லேப்டாப் மட்டும் ஆமை

ரெண்டும் ரூட்டர் பக்கத்துல இருக்கறப்பவே இந்த வித்தியாசம்னா வரிசையா இதைப் பாருங்க.

லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஷட்டவுன் இல்ல, ரீஸ்டார்ட். விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் முழுசா அணைக்காது, பழைய குப்பையோடவே எழுந்து வரும். "நான் தினமும் அணைக்கிறேனே"ன்னு சொல்றவங்களுக்கு இதுதான் பதில்.

டாஸ்க் மேனேஜர்ல மேல நெட்வொர்க்னு இருக்கற தலைப்பை க்ளிக் பண்ணி எது நெட்டை இழுக்குதுன்னு பாருங்க. ஒன்ட்ரைவ், கூகுள் ட்ரைவ் ஃபோட்டோ ஏத்துறது, விண்டோஸ் அப்டேட், கேம் அப்டேட்னு ஏதாச்சும் ஒண்ணு பின்னாடி ஓடிட்டு இருக்கும்.

விபிஎன் (நெட்டை வேற ஊர் சர்வர் வழியா சுத்தி அனுப்புற சாஃப்ட்வேர்) ஆன்ல இருக்கா? ஊர் சீரியல் பாக்குறதுக்குப் போட்ட விபிஎன்னை அணைக்க மறந்து மாசக்கணக்குல எல்லாமே இந்தியா போயிட்டு வந்துட்டு இருக்கற வீடு நிறைய.

சார்ஜர் போட்டா வேகம், எடுத்தா ஸ்லோன்னா பவர் சேவிங்தான். பேட்டரி சேவரை அணைச்சுப் பாருங்க, அப்புறம் டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் அடாப்டரை ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட், அதுல பவர் மிச்சம் பிடிக்க இந்த டிவைஸை அணைக்கலாம்னு இருக்கற டிக்கை எடுத்துடுங்க. சில புது லேப்டாப்ல அந்த டேப்பே இருக்காது, விட்டுடுங்க.

விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சுதா? அதே ப்ராப்பர்ட்டீஸ்ல ட்ரைவர் டேப், ரோல் பேக் ட்ரைவர். அது மங்கலா இருந்தா லேப்டாப் கம்பெனி சைட்ல உங்க மாடல் பேர் போட்டு வைஃபை ட்ரைவரை இறக்கிப் போடுங்க, "ட்ரைவர் அப்டேட்டர்"னு இலவசமா வர்ற சாஃப்ட்வேர் எதையும் தொடாதீங்க.

கடைசியா லிங்க் ஸ்பீட். முன்னாடி 866 காட்டின லேப்டாப் இப்ப ரூட்டர் பக்கத்துலயே 433 காட்டுதா, அதுவும் பேட்டரி மாத்திட்டு வந்த பிறகா? உள்ள வைஃபை கார்டுல ரெண்டு மெல்லிய ஆன்டெனா ஒயர் இருக்கும், திறந்து மூடுனப்ப அதுல ஒண்ணு கழண்டிருக்கு. கடைக்கே திரும்ப எடுத்துட்டுப் போங்க, அவங்க வேலைதான் அது, காசு கொடுக்கத் தேவையில்ல. வாங்கினதுலேர்ந்தே 433தான்னா அது ஒத்தை ஆன்டெனா வச்ச மலிவு மாடல், கோளாறு இல்ல.

அறிகுறி: கனெக்டட்னு காட்டுது, ஆனா எதுவும் திறக்கல

தேதி, நேரம் சரியா இருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, பழைய லேப்டாப்ல உள் பேட்டரி செத்து வருஷமே பின்னாடி போயிருக்கும், அப்ப பாதி சைட் பாதுகாப்பு இல்லன்னு சொல்லித் திறக்காது.

அடுத்து அட்ரஸ். ப்ராப்பர்ட்டீஸ்ல ஐபிவி4 அட்ரஸ் 169.254ன்னு ஆரம்பிச்சா ரூட்டர்கிட்டேர்ந்து அட்ரஸ் கிடைக்கல. வைஃபையை ஃபர்கெட் பண்ணிட்டு திரும்ப பாஸ்வேர்ட் போடுங்க, ரூட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க. யாராச்சும் எப்பவோ கையால அட்ரஸ் போட்டு வச்சிருந்தா ஐபி அசைன்மென்ட்டை ஆட்டோமேட்டிக் ஆக்குங்க, சைட் பேரை அட்ரஸா மாத்துற டிஎன்எஸ்ஸையும் அப்படியே.

புது ரூட்டர் வந்ததுலேர்ந்து பழைய லேப்டாப் மட்டும் பாஸ்வேர்ட் சரியா போட்டும் சேர மாட்டேங்குதுன்னா ரூட்டர் டபிள்யூபிஏ3ங்கற புது பாதுகாப்பு முறைல மட்டும் இருக்கலாம், பழைய கார்டுக்கு அது தெரியாது. ரூட்டர்ல டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 ரெண்டும் கலந்த மோடுக்கு மாத்துங்க, அதுலயும் முரண்டு பிடிச்சா வெறும் டபிள்யூபிஏ2.

இதெல்லாம் ஆகலன்னா நெட்வொர்க் ரீசெட். அட்வான்ஸ்ட் நெட்வொர்க் செட்டிங்ஸ்ல கீழ இருக்கும். சேமிச்ச வைஃபை பாஸ்வேர்டெல்லாம் போயிடும், விபிஎன் செட்டிங்கும் போகலாம், ஆபீஸ் லேப்டாப்னா ஐடி ஆளைக் கேக்காம அழுத்தாதீங்க.

அறிகுறி: நல்லாத்தான் போகுது, திடீர்னு கட் ஆகி திரும்ப வருது

இதுல சிக்கல் என்னன்னா நீங்க காட்டுறப்ப அது கட் ஆகாது. அதனால ஆதாரம் சேர்க்கணும். கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, "இருக்கியா"ன்னு கேட்டுட்டே இருக்கற பிங் கமாண்டை (ping -t, அதுக்குப் பின்னாடி அட்ரஸ்) நிறுத்தாம ஓட விடுங்க, ஒரு ஜன்னல்ல ரூட்டர் அட்ரஸுக்கு (பல வீட்ல 192.168.1.1), இன்னொண்ணுல வெளிய இருக்கற கூகுள் சர்வரான 8.8.8.8க்கு. கட் ஆனப்ப ரெண்டும் நின்னுச்சுன்னா வைஃபை. ரூட்டருக்கு ஓடிட்டே இருந்து 8.8.8.8 மட்டும் நின்னுச்சுன்னா லைன், அந்த ஸ்க்ரீனை ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டு நெட் கம்பெனிக்குப் பேசுங்க.

வைஃபைதான்னு தெரிஞ்சா:

எல்லாச் சாதனமும் ஒண்ணா கட் ஆகுதா? ரூட்டரைத் தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாத சூடுன்னா காத்தோட்டம் கொடுங்க. லைட்டெல்லாம் அணைஞ்சு எரியுதுன்னா அடாப்டர். 5 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் ஒரு நிமிஷம் மறைஞ்சு வருதுன்னா சேனல். 52லேர்ந்து 144 வரைக்கும் இருக்கற சேனல்கள் ரேடாரோட பங்கு போடுற சேனல்கள், ரேடார் மாதிரி ஏதாச்சும் தட்டுப்பட்டா ரூட்டர் உடனே அந்த இடத்தைக் காலி பண்ணணும்னு விதி. சேனலை ஆட்டோலேர்ந்து எடுத்து 36லயோ 149லயோ வைங்க, சேனல் அகலத்தை 160 மெகாஹெர்ட்ஸ்லேர்ந்து 80க்குக் குறைங்க, ஏன்னா 36லேர்ந்து 160 அகலம் எடுத்தாலும் அது 52ஐத் தாண்டிப் போயிடும்.

லேப்டாப் மட்டும் கட் ஆகுது, அதுவும் 2.4ல இருக்கறப்ப, கூடவே வயர்லெஸ் மவுசும் திக்குது? லேப்டாப் பக்கத்துல யுஎஸ்பி ஹப் இல்ல வெளி ஹார்ட் டிஸ்க் இருக்கா பாருங்க. யுஎஸ்பி 3 ஓடுறப்ப வர்ற இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மேலயே விழுது, இன்டெல்லே 2012ல இதைப் பத்தி ஒரு அறிக்கை போட்டிருக்கு. ஹப்பைக் கொஞ்சம் தள்ளி வைங்க இல்ல 5க்கு மாறுங்க. சமையல் நேரத்துல மட்டும்னா மைக்ரோவேவ், அதுவும் அதே 2.4தான்.

லேப்டாப் மூடியை அசைச்சா, சாய்ச்சா சிக்னல் ஏறி இறங்குதா? ஆன்டெனா ஸ்க்ரீன் ஓரத்துல இருக்கு, ஒயர் கீல் வழியா போகுது, கீல் பக்கம் ஒயர் நைஞ்சிருக்கு. இது ரிப்பேர் கடை வேலை. ஸ்க்ரீனைப் பிரிக்கணும், யூட்யூப் பாத்து நீங்களா பிரிச்சா வைஃபை வந்து ஸ்க்ரீன் போயிடும்.

அறிகுறி: பகல்ல நல்லா இருக்கு, ராத்திரி எட்டு மணிக்கு மேல இழுக்குது

வீட்ல யார் என்ன பண்றாங்கன்னு மொதல்ல பாருங்க, பெரும்பாலும் யாரோ ஒருத்தர் கேம் இறக்கிட்டு இருப்பாங்க. ஒண்ணும் இல்லன்னா கேபிள் குத்தி அதே நேரத்துல டெஸ்ட் பண்ணுங்க. கேபிள்ல நல்லா வந்தா பக்கத்து வீட்டு வைஃபை நெரிசல், 5க்கு மாறி சேனலை மாத்துங்க. 2.4லயே இருக்கணும்னா 1, 6, 11 இந்த மூணுல ஒண்ணு மட்டும் எடுங்க, நடுவுல 3, 4ன்னு வச்சா ரெண்டு பக்கத்தோடயும் மோதும். கேபிள்லயும் மோசம்னா கம்பெனிக்குச் சொல்லுங்க, சொல்றப்ப "கேபிள்ல டெஸ்ட் பண்ணினது"ன்னு மொதல்லயே சொல்லிடுங்க, இல்லாட்டி அரைமணி நேரம் ரூட்டரை ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டே இருப்பாங்க.

அறிகுறி: பிள்ளையோட ஸ்கூல் லேப்டாப்ல மட்டும், இல்ல ஆபீஸ் லேப்டாப்ல மட்டும்

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைங்க ஸ்கூல் மூலமா வாங்கின லேப்டாப்ல டிஎம்ஏன்னு ஒரு கட்டுப்பாட்டு சாஃப்ட்வேர் இருக்கும். சில சைட் திறக்கல, சில செட்டிங் மாத்த விடலன்னா அது வைஃபை கோளாறு இல்ல, பூட்டு. பள்ளி நேரத்துக்கு அப்புறம் எப்படி இருக்கணும்னு பெத்தவங்க தேர்ந்தெடுக்க வழி இருக்கு, ஸ்கூல்ல கேளுங்க. ரீசெட் பண்ணிப் பாக்காதீங்க.

ஆபீஸ் லேப்டாப்னா விபிஎன் போடாம ஒரு டெஸ்ட், போட்டு ஒரு டெஸ்ட். போட்டதும் விழுந்துச்சுன்னா ஐடி டிபார்ட்மென்ட்டுக்கு அந்த ரெண்டு நம்பரையும் அனுப்புங்க, வீட்டு ரூட்டரைக் குறை சொல்ல முடியாது.

அறிகுறி: வைஃபை ஐகானே காணோம்

ஏர்ப்ளேன் மோட், கீபோர்ட்ல வைஃபை பட்டன், பழைய மாடல்னா ஓரத்துல சின்ன சுவிட்ச், இதெல்லாம் பாத்தாச்சா? அடுத்து லேப்டாப்பை முழுசா அணைச்சு சார்ஜரைக் கழட்டி பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க, அப்புறம் ஆன் பண்ணுங்க. கார்டு சும்மா உறைஞ்சு போயிருந்தா பல சமயம் இதுலயே எழுந்துடும். எழுந்து வந்து ரெண்டு நாள்ல திரும்ப காணாமப் போனா கார்டு சாகப்போகுதுன்னு வச்சுக்கோங்க.

டிவைஸ் மேனேஜர்ல வைஃபை அடாப்டர் பேர் மஞ்சள் முக்கோணத்தோட இருந்தா ட்ரைவர், திரும்பப் போட்டுப் பாருங்க. பேரே இல்லன்னா கார்டு. வாரன்டி இருக்கான்னு பாருங்க, இருந்தா எதையும் திறக்காம கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்க. வாரன்டி முடிஞ்சிருந்தா சிம் லிம் ஸ்கொயர் மாதிரி கம்ப்யூட்டர் கடைங்க இருக்கற இடத்துல கார்டு மாத்தித் தருவாங்க. போறதுக்கு முன்னாடி கார்டு மாத்தற மாதிரி இருக்கா இல்ல போர்டோட ஒட்டினதான்னு உங்க மாடலுக்குப் பாத்துக்கோங்க, மெல்லிசான லேப்டாப் பலதுல ஒட்டியிருக்கும். அப்புறம் இன்டெல் ஏஎக்ஸ்210 தனியா நிக்கிற கார்டு, ஏஎக்ஸ்211 அதுக்குன்னு இருக்கற இன்டெல் சிப் உள்ள லேப்டாப்ல மட்டும்தான் வேலை செய்யும், பேர்ல ஒரு நம்பர்தான் வித்தியாசம், மாத்தி வாங்கிட்டா ஸ்லாட்ல உக்காரும் ஆனா உயிர் வராது. கூலி, பார்ட் ரெண்டும் சேத்து எவ்வளவுன்னு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எழுதி வாங்குங்க, பழைய கார்டைத் திருப்பிக் கேளுங்க.

போர்டோட ஒட்டின கார்டு போச்சுன்னா போர்டை மாத்தாதீங்க, கட்டுப்படியாகாது. யுஎஸ்பி வைஃபை டங்கிள் ஒண்ணு வாங்கிக் குத்திக்கோங்க, 5 ஜிகாஹெர்ட்ஸ் இருக்கறதா பாத்து வாங்குங்க, ரொம்ப மலிவா வர்ற குட்டி டங்கிள் பலதுல 2.4 மட்டும்தான் இருக்கும், அதையும் ஹப்ல குத்தாம லேப்டாப்லயே நேரா குத்துங்க.